முகாம் அடிக்கப் போன கரை: ஒல்லாந்தர் கால்வாய் வழியே கற்பிட்டிக்கு

கால்வாய் ஓரமாகச் சைக்கிள் ஓடி, பொழுதுபட்டால் கூடாரம் அடித்துப் படுத்து, விடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகிற மாதிரி ஒரு விடுமுறை வேண்டுமென்றால், உலகமே நெதர்லாந்துப் பக்கம்தான் கைகாட்டும். அந்த ஊர்க்காரருடைய கால்வாய் ஒன்று எங்கட நாட்டிலயே கிடக்கு. கொழும்புப் பக்கம் தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் களப்பு வரைக்கும் அது போகுது. விசா தேவையில்லை. கடந்த விடுமுறையில் ஆறு பேர் வெளிக்கிட்டோம். நீர்கொழும்பில் சைக்கிளை இறக்கி சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரை நாலு பகல், மூன்று இரவு.

எத்தனை கிலோமீற்றர் மிதித்தோம், எத்தனை தரம் டியூப் ஒட்டினோம் என்பதை எழுத வரவில்லை. போன வழி நெடுக ஒரு சொல் எங்களை மறித்துக்கொண்டே இருந்தது: முகாம். "எங்க தம்பி போறீங்கள்?" என்று கேட்டவர்களிடம் "முகாம் அடிக்க" என்று நாங்கள் சொல்ல, ஊருக்கு ஊர் ஆட்கள் அதை வேறு வேறாக விளங்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையின் வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒல்லாந்தர். 1632இல் அம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையில் நேராக ஒரு கால்வாய் வெட்டி முடித்தார்கள். கரையில் குதிரை நடக்கும், அது இழுக்கிற படகில் ஆட்கள் இருந்து போவார்கள். புறப்படுகிற நேரம் நிச்சயம், கட்டணமும் நிச்சயம். அடுத்த சில பத்தாண்டுகளில் அப்படிப்பட்ட கால்வாய்கள் நாடு முழுக்கப் பரவின. குதிரை நடந்த அந்தக் கரைப்பாதைகளில் பலதில்தான் இன்றைக்குச் சைக்கிள் ஓடுகிறது. சொந்த ஊரில் இந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1638இல், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு போர்த்துக்கேயரைத் துரத்த இங்கே வந்தது. துரத்தினது உண்மை. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்காமல் தாங்களே இருந்துகொண்டதும் உண்மை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி என்று சிங்களத்தில் ஒரு பழமொழி இதற்காகவே இருக்கு.

இந்தக் கரையில் அவர்களுக்கு இயற்கை பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது. நீர்கொழும்புக் களப்பு, சிலாபக் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு என்று கடலுக்குச் சமாந்தரமாக வரிசையாக நீர்ப்பரப்புகள். இடையிலே ஆற்று முகங்கள். இவற்றைத் தொடுத்துவிட்டால், பருவக்காற்று அடிக்கிற மாதங்களிலும் கடலுக்குப் போகாமல் உள்ளாலேயே தட்டையடிப் படகில் சாமான் கொண்டுபோகலாம். கறுவா, பாக்கு, உப்பு. பிறகு பிரித்தானியர் காலத்தில் தேங்காயும் சேர்ந்துகொண்டது. 'ஒல்லாந்தர் கால்வாய்' என்று நாங்கள் மொத்தமாகச் சொன்னாலும் எல்லாத் துண்டும் அவர்கள் வெட்டினது இல்லை. நீர்கொழும்புக்குத் தெற்கே முத்துராஜவெல பக்கம் போகிற ஹமில்டன் கால்வாய் 1802இல் பிரித்தானியர் தொடங்கி 1804இல் முடித்தது. சதுப்புக்குள் ஏறின உப்புத் தண்ணியை வடிய விட்டு வயலைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார்கள். வயல் தப்பவில்லை, கால்வாய் மட்டும் மிஞ்சியது.

அங்கே குதிரை இழுத்தது. இங்கே யார்? கழி ஊன்றினதும் கயிறு கட்டி இழுத்ததும் மனிதர்கள்தான். கோட்டைக்குக் கல் சுமந்ததும், பல்லக்குத் தூக்கினதும் அவர்கள்தான். முஸ்லிம்களையும் செட்டிகளையும் போன்ற சமூகங்களை 'வெளியார்' என்று வகைப்படுத்தி, வருஷத்தில் குறிப்பிட்ட காலம் கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். அதற்குப் பெயர் ஊழியம். செய்ய ஏலாதவன் காசு கட்டித் தப்பலாம். இன்றைக்கு நாங்கள் 'அரச ஊழியர்' என்று மரியாதையாகச் சொல்கிற சொல்லின் பழைய முகம் அது. ஒல்லாந்தர் எங்கட நாக்கில் விட்டுப்போன சொற்களையும் பாருங்கள்: கந்தோர், துட்டு, கக்கூஸ். ஓர் ஆட்சிக்கு என்னென்ன தேவையோ எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கால்வாய் வீடுகளின் பின்வளவால் போகிறது. சில இடத்தில் மீன்பிடி வள்ளங்கள் நெருக்கிக் கட்டியிருக்கு, சில இடத்தில் பாசியும் பிளாஸ்ரிக்கும் மூடித் தண்ணியே தெரியாது. கரையோரமாகவே தொடர்ந்து ஓட வழியில்லை. அடிக்கடி பிரதான வீதிக்கு ஏறித்தான் இறங்கவேணும். இந்தப் பகுதிக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களில் வீட்டுக்குள்ளே தமிழ், பள்ளிக்கூடத்திலும் வெளியிலும் சிங்களம் என்று இருக்கிறவர்கள் கனபேர். எங்களுக்கு வழி சொன்ன ஒரு கிழவர் சிங்களத்தில் தொடங்கி, எங்கட முகத்தைப் பார்த்துவிட்டு நடுவிலே தமிழுக்கு மாறினார். அவருடைய பேரனுக்கு நாங்கள் கதைத்தது விளங்கவில்லை. கடந்த நூற்றாண்டில் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறின கதையை வாசித்துத் தெரிந்திருந்தோம். வாசிக்கிறது வேறு, தாத்தாவும் பேரனும் ஒரே திண்ணையில் இருக்கிறதைப் பார்க்கிறது வேறு.

சிலாபத்துக்கு வடக்கே காட்சி மாறுகிறது. சதுரம் சதுரமாக வெட்டின குளங்கள், பாதிக்கு மேலே காய்ந்து கிடக்கின்றன. இறால் பண்ணைகள். 1980களில் 'வெளிநாட்டுக் காசு' என்று தொடங்கின தொழில், கண்டல்காடுகளையும் சதுப்புகளையும் வெட்டித் தள்ளிக்கொண்டு இந்தக் கரை முழுக்கப் பரவியது. அவற்றில் கனக்க, தண்ணி எடுத்தது ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து. பாவித்த தண்ணியைத் திருப்பி விட்டதும் அதே கால்வாய்க்குள்தான். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் குடிதண்ணி என்கிற நிலைமையில் நோய்க்குப் படகு கூடத் தேவைப்படவில்லை. சாமானைத் தடையில்லாமல் ஊர் ஊராகக் கொண்டுபோக வெட்டின வாய்க்கால், 200 வருஷத்துக்குப் பிறகும் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தது.

உடப்பில் ஓர் இரவு. திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் ஊரின் அடையாளம். இந்தியக் கரையிலிருந்து படகில் வந்து குடியேறினவர்கள் தாங்கள் என்பது ஊர் வழக்கு. கரைவலை இழுக்கிற கடற்கரையில் கூடாரம் அடிக்கக் கேட்டபோது, "அடியுங்கோ, ஆனா வலைப்பாடு வருகிற இடத்தில வேண்டாம், விடிய நாலு மணிக்கு எழுப்பிப்போடுவம்" என்றார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னமே எழுப்பினார்கள்.

இனித்தான் விஷயம். புத்தளமும் கற்பிட்டியும் இன்றைக்கு ஒரே மாவட்டம், களப்பின் இரண்டு கரைகள். ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் நெடுங்காலம் அவை இரண்டு ஆட்சிகள்.

புத்தளம் கண்டி இராச்சியத்தின் வாசல். மலைநாட்டுக்கு உப்பு வேண்டும். அது புத்தளத்து உப்பளங்களிலிருந்து தவளம் கட்டி ஏறினது. மலையிலிருந்து பாக்கு இறங்கி, முஸ்லிம் வணிகர்களின் படகில் இந்தியக் கரைக்குப் போனது. இந்தத் துறை பழையது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இபின் பதூதா இந்தக் கரையில்தான் இறங்கி, அப்போது இங்கே இருந்த ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். மன்னன் கொடுத்த ஆட்களோடும் பல்லக்கோடும் பாவாதமலைக்குப் புறப்பட்டவர் அவர். எங்களுக்குச் சைக்கிளாவது இருந்தது.

அந்த வாசலுக்குப் பூட்டுப் போட ஒல்லாந்தர் பிடித்த இடம்தான் கற்பிட்டி. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த வருஷமே கற்பிட்டிக்கு வந்தார்கள். 1667க்கும் 1676க்கும் இடையில், போர்த்துக்கேயர் காலத்து யேசுசபைத் தேவாலயம் இருந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். தீபகற்பத்தின் நுனி அது. களப்புக்குள் நுழைகிற எந்தப் படகும் அவர்கள் கண்ணில் படாமல் புத்தளம் போக முடியாது. பெரிய கோட்டை இல்லை. காலியையும் யாழ்ப்பாணத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். முருகைக்கல்லால் எழுப்பின, ஏறக்குறைய நான்கு மீற்றர் உயரமான சதுரச் சுவர். களப்பைப் பார்த்த வாசலில் மட்டும் ஒல்லாந்திலிருந்து வந்த மஞ்சள் செங்கல். அவ்வளவு தூரம் கப்பலில் கொண்டுவந்த கல்லை வாசலில் வைத்தார்கள், உள்ளூர்க் கல்லைச் சுவருக்கு வைத்தார்கள்.

பூட்டுக்கு இந்தப் பக்கம் ஒல்லாந்தர் சட்டம் ஓடினது, அந்தப் பக்கம் ஓடவில்லை. அதனாலே புத்தளம் ஒரு புகலிடமும் ஆனது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து ஒளித்து ஒளித்துப் பூசை வைத்த ஜோசப் வாஸ் அடிகள், 1690இல் அங்கே இருக்க ஏலாமல் போனபோது வந்து சேர்ந்த இடம் புத்தளம். கண்டி மன்னனின் ஆள்புலம் என்பதால் ஒல்லாந்தரின் கை இங்கே நீளவில்லை. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது எல்லோரும் கண்டியையும் மடுவையும் பற்றிப் பேசினார்கள், புத்தளத்தை அவ்வளவாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஒருவருக்குப் புத்தளம் இடம் கொடுத்த வருஷம் 1690. இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள்.

1766இல் கண்டிக்கும் கம்பனிக்கும் நடந்த உடன்படிக்கையோடு கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது, புத்தளத்தின் வாசலும் போனது. 1795 நவம்பரில் கற்பிட்டிக் கோட்டை பிரித்தானியரிடம் விழுந்தது. வந்த படைகள் போய்விட்டாலும் படைக்கு வந்த ஆட்கள் எல்லோரும் போகவில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இருக்கிற ஆபிரிக்க வம்சாவளியினர், பிரித்தானியரின் ஆபிரிக்கப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழி வந்தவர்கள். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடுகிற 'மான்ஜா' பாட்டுகளில் கொஞ்சம் இன்னும் மிஞ்சியிருக்கு. அந்த மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். படை முகாமிலிருந்து தொடங்கின ஊர் அது.

இந்த மண்ணை முதலில் உட்கார்ந்து எழுதினவர் ஒல்லாந்தரும் இல்லை, பிரித்தானியரும் இல்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் சாதிகளையும் அகரவரிசைப்படி தொகுத்த 'சிலோன் கசற்றியர்' 1834இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 27. எங்களை விட அஞ்சாறு வயதுதான் மூப்பு. நாங்கள் இன்னும் 'அசைன்மென்ற்'டுக்கே நாள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். புத்தளத்து முக்குவர் பற்றியும் முஸ்லிம்கள் பற்றியும் எழுதினார். 1838இல் சட்டசபைக்குப் போனார். 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்த முன்னோடி நூல். தமிழ் இலக்கிய வரலாறு படிக்கிற எங்கட பீடத்தில் அந்த நூலின் பெயர் வரும், கற்பிட்டி என்ற பெயர் வராது. ஊழியத்துக்கு 'வெளியார்' என்று எழுதப்பட்ட செட்டிச் சமூகத்திலிருந்து வந்தவர், அடுத்த ஆட்சியில் முழு நாட்டையும் ஊர் ஊராக எழுதி வைத்தார் என்பது எங்களுக்குக் கோட்டையை விடப் பெரிய விஷயமாகப் பட்டது.

கோட்டை இப்போது கடற்படை முகாமுக்குள் இருக்கு. வாசலில் அடையாள அட்டை கொடுத்து, கடற்படை வீரர் ஒருவர் கூட வர, சொன்ன இடத்தை மட்டும் பார்க்கலாம். கோட்டையிலிருந்து ஒல்லாந்தர் தேவாலயத்துக்குச் சுரங்கம் இருக்கு என்ற கதையையும் சொன்னார்கள். கோட்டை உள்ள எந்த ஊரில்தான் அந்தக் கதை இல்லை.

1690ஐ மனதில் வைக்கச் சொன்னோம். சரியாக 300 வருஷம் கழித்து, 1990 ஒக்ரோபர் கடைசி இரண்டு கிழமைக்குள், விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்ரோபர் 30 அன்று கிடைத்தது இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்பும் கையில் சில நூறு ரூபாயும். மன்னார்த் தீவு ஆட்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்துவிட்டுக் கற்பிட்டிக்கு வந்த அதே கடல்வழி. தரைவழியாக வந்தவர்களிலும் பெரும்பங்கு புத்தளத்துக்குத்தான் வந்தது. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோட்டங்களிலும் தங்கினார்கள். பிறகு கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. மாவட்டம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். சில நாளைக்கு என்று நினைத்து வந்தவர்கள் பதினைந்து, இருபது வருஷம் இருந்தார்கள். 2007இல் உலக வங்கி உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, முகாமில் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையும் எழுதி முடித்திருந்தார்கள்.

எங்களோடு வந்த ஆறு பேரில் ஒருத்தி அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்தவள். உம்மாவின் ஊர் மன்னார்த் தீவு. மூன்றாவது இரவு அவளுடைய உம்மம்மா வீட்டு வளவில்தான் தென்னைக்குக் கீழே கூடாரம் அடித்தோம். உம்மம்மாவுக்கு எங்கட நைலோன் கூடாரம் பெரிய பகிடியாக இருந்தது. காசு கொடுத்து வாங்கினதா என்று இரண்டு தரம் கேட்டா. தாங்கள் பதினேழு வருஷம் முகாமில் இருந்து ஒரு மாதிரி வெளியில வந்தாச்சு, நீங்கள் வீட்டை விட்டுவிட்டு முகாமுக்குப் போறியள் என்று சொல்லிச் சிரித்தா. பிறகு தேத்தண்ணி வந்தது, தொதல் வந்தது. மழை வந்தால் உள்ளே வந்து படுங்க மக்காள் என்று திண்ணையில் பாயும் விரித்து வைத்தா. கிடுகுக் கொட்டில் எந்தப் பக்கத்தால் ஒழுகும் என்று அவவுக்குத் தெரியும்.

எங்களில் நாலு பேர் வடக்குத் தமிழர். நாங்கள் யாரும் பிறக்காத காலத்தில் நடந்தது, எங்களுக்கும் அதற்கும் என்ன என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பாடசாலையில் ஒல்லாந்தருக்கு ஒரு முழு அத்தியாயம் படித்த எங்களுக்கு, 1990 ஒக்ரோபருக்கு ஒரு பந்தி கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் கேட்டால் "அது அப்ப நடந்தது" என்று கதை முடிந்துவிடும். ஏறக்குறைய 350 வருஷத்துக்கு முன் கட்டின கோட்டையின் வாசல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த எங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் படகில் போனார் என்று தெரியாது. 1990 முடிந்துபோன கதையும் இல்லை. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் அன்று, இன்னும் மன்னாரிலேயே வாக்கு இருக்கிற புத்தளத்து மக்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்கள் மேல் வழியில் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். வாக்குப் போட 29 வருஷம் கழித்தும் பஸ் பிடிக்கவேண்டியிருந்தது.

முகாம் என்பதே அரபியிலிருந்து உருதுவழி தமிழுக்கு வந்த சொல். தங்குமிடம், அவ்வளவுதான் பொருள். தமிழில் படைக்குப் பாசறை இருந்தது, வழிப்போக்கருக்குக் கூடாரம் இருந்தது. முகாம் வந்து இரண்டையும் விழுங்கிக்கொண்டு, அகதியையும் சேர்த்துக்கொண்டது. இப்போது சுற்றுலாவும் சேர்ந்திருக்கு. கற்பிட்டிப் பக்கம் காற்றாடிச் சறுக்கலுக்கு வருகிற வெள்ளைக்காரருக்குக் கடற்கரையில் 'காம்ப்'கள் வரிசையாக இருக்கின்றன. ஒல்லாந்தரும் வருகிறார்கள், இந்த முறை காசு கட்டி. அவர்களுடைய நாட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அதற்கென்று ஒதுக்கின இடத்தில்தான் அடிக்கலாம். கற்பிட்டித் தீவுகளில் சுற்றுலாத் திட்டம் என்று வரைபடம் போடத் தொடங்கின நாளிலிருந்து, வாடி போட்டு மீன் பிடிக்கிறவர்களும் அந்த ஒழுங்குக்குள் வந்துவிடுவோமா என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். வாடி என்பதும் முகாம்தான், பருவத்துக்கு வந்து பருவத்தோடு போகிற முகாம். அதற்குக் காணி உறுதி இருக்காது. 2010ஐ ஒட்டி இந்தத் திட்டத்துக்கு எதிராக மீனவர் போராடினபோது பிரச்சினையின் அடியில் கிடந்தது இந்தக் காணிதான்.

நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியை விட்டு விலகி, கடைசி நாள் பாலாவிக்குத் திரும்பினோம். போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று வடக்கே போகையில் முதுகில் தள்ளும், திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். தண்ணி கூடக் கொண்டுபோங்கோ, கற்பிட்டி வீதியில் நிழல் குறைவு. பாலாவிப் பக்கம் நாகவில்லில் 'எருக்கலம்பிட்டி' என்று பெயர் தாங்கின ஒரு பாடசாலை இருக்கு. எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவில் இருக்கிற ஊர். 1990இல் வந்தவர்கள் ஊர்ப்பெயரையும் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் கடந்தபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சைக்கிளில் வந்த பெடியள் கொஞ்சத் தூரம் எங்களோடு போட்டிக்கு ஓடி, எங்கட பொதியைப் பார்த்து "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். நாங்களும் கேட்டோம். எருக்கலம்பிட்டி என்றார்கள்.